தீவுகளில் உணவு மாற்றமும் பற்களின் நலமும்

பல்லில் குழி விழுந்து, கறுத்து, நோவுண்டாவதை நம் மக்கள் "பூச்சிப் பல்" என்று வழங்குகின்றனர். புழு புகுந்து பல்லைத் துளைக்கிறது என்று பண்டை நாளில் பல தேசத்தாரும் நம்பி வந்தனர். அந்நம்பிக்கையின் எச்சமே இச்சொல் எனலாம். உண்மையில் அங்குப் பூச்சி ஏதும் இல்லை. எனினும், களப்பணியாளர் மக்களிடம் பேசுங்கால் இச்சொல்லை விலக்க வேண்டுவதில்லை. "அந்தப் பூச்சி என்ன தின்கிறது?" என்ற வினாவிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

பற்களின் மீது வழவழப்பான ஒரு மெல்லிய படலம் படிந்திருக்கும். அதில் வாழும் எண்ணிறந்த நுண்ணுயிர்கள், நாம் உண்ணும் சர்க்கரையை நொதிக்கச் செய்து அமிலமாக மாற்றுகின்றன. குளுக்கோஸ் கரைசலால் வாயைக் கொப்புளித்த சில நிமிடங்களுக்குள்ளேயே இப்படலத்தில் அமிலத்தன்மை மிகுந்துவிடுவதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் ராபர்ட் ஸ்டீபன் 1940-களில் அளந்து காட்டினார். அமில கார நிலையைக் குறிக்கும் பி.எச். எண் ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போது, பல்லின் மேலுறையாகிய எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்குகின்றன. பின்னர் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்த தாதுப்பொருள்களில் ஒரு பகுதியை மீட்டளிக்கிறது. இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை தேவைப்படும்.

ஆகவே, எவ்வளவு சர்க்கரை உண்டோம் என்பதோடு, எத்தனை முறை உண்டோம் என்பதும் முக்கியமாகிறது. ஐந்து தேக்கரண்டிச் சர்க்கரையை ஒரே உணவு வேளையில் உண்பவனுடைய பற்களுக்கு ஒரு முறைதான் தாக்குதல். அதே அளவை ஐந்து கோப்பைத் தேநீரில் பகிர்ந்து காலை முதல் இரவு வரை அருந்துபவனுக்கோ ஐந்து முறை. 1945 முதல் சில ஆண்டுகள் சுவீடனிலுள்ள விப்பெஹோல்ம் மருத்துவ நிலையத்தில் நடைபெற்ற ஆய்வு இதனை உறுதி செய்தது. உணவு வேளைகளுக்கு இடையே தின்ற ஒட்டும் மிட்டாயே பெருங்கேடு விளைத்தது. மனவளர்ச்சி குன்றியோருக்கு அவர்களின் இசைவின்றி மிட்டாய் கொடுத்துப் பற்களைக் கெடுத்த அம்முறை கண்டிக்கத்தக்கது என்பதையும் இங்கே குறிப்பிடுதல் வேண்டும்.

இனி, நமது தீவுகளுக்கு வருவோம். தேங்காய், தாழை இனத்துப் பழத்தின் மாவுக்கூழ், கிழங்கு, வாழை, மீன், பன்றி இறைச்சி ஆகியவை நிக்கோபார் மக்களின் மரபுவழி உணவுகள். அரிசியும் சர்க்கரையும் கொப்பரை வாணிகத்தின் வழியே வந்தவை. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தென்னந்தோப்புகளைப் பெரும்பாலும் அழித்தது. புதிதாக நட்ட தென்னம்பிள்ளை காய்ப்பதற்கு ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை மக்கள் நிவாரணப் பண்டங்களையும் கடைப்பண்டங்களையும் பெரிதும் நம்பி வாழ நேர்ந்தது.

இத்தகைய மாற்றம் எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்குத் தென் அட்லாண்டிக் பெருங்கடலிலுள்ள டிரிஸ்டன் ட குன்யா தீவு சான்றாகும். 1937-இல் நார்வே நாட்டு ஆய்வுக் குழுவினர் அங்குச் சென்றபோது, மீனும் உருளைக்கிழங்கும் உண்டு வாழ்ந்த அத்தீவினரின் பற்கள் வியக்கத்தக்க நலத்துடன் இருந்தன. பின்னர் மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையும் கடையும் ஏற்பட்டு, சர்க்கரையும் மிட்டாயும் புகுந்தன. 1961-இல் எரிமலை வெடிப்பால் பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்ட அதே மக்களைச் சோதித்தபோது, ஒரு தலைமுறைக்குள் சொத்தை பரவியிருப்பது தெரிந்தது.

கார் நிக்கோபார், ஸ்ரீ விஜய புரத்திலிருந்து (2024 வரை போர்ட் பிளேயர்) ஏறத்தாழ 270 கிலோமீட்டரும், காம்ப்பெல் பே 540 கிலோமீட்டரும் தொலைவிலுள்ளன. சிறப்புச் சிகிச்சைக்குக் கடல் கடந்து செல்ல வேண்டிய ஊர்களில், வருமுன் காப்பதற்குள்ள மதிப்பை விளக்கவேண்டுவதில்லை.

பானங்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். புட்டியில் வரும் இனிப்புச் சோடா வகைகளின் பி.எச். பெரும்பாலும் 3-ஐ ஒட்டியது. 300 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரையும் உண்டு. அமிலமும் சர்க்கரையும் ஒருங்கே தாக்குகின்றன. அருந்தியவுடன் பல் துலக்கினால் இளகிய எனாமல் தேயும். நீரால் கொப்புளித்துச் சிறிது நேரம் கழித்துத் துலக்குவதே முறை. துலக்குவதற்கு ஃபுளோரைடு கலந்த பற்பசை ஏற்றது. மழைநீரைச் சேமித்துக் குடிக்கும் வீடுகளுக்கு இது மேலும் பொருந்தும், ஏனெனில் மழைநீரில் ஃபுளோரைடு மிகமிகக் குறைவு. இளநீரிலும் சிறிது சர்க்கரை உண்டெனினும், சோடாவுக்கு அது எவ்வளவோ மேல். இனிப்பிட்ட பாலைப் புட்டியில் கொடுத்துக் குழந்தையை உறங்கவைக்கும் வழக்கத்தைத் தாய்மார் கைவிடுதல் வேண்டும். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் முன்பற்கள் விரைவில் அழியும்.

தாம்பூலத்தின் தீமை வேறு வகையைச் சேர்ந்தது. தீவுகளில் பாக்கு விளைபொருளாகவும் மெல்லும் பொருளாகவும் விளங்குகிறது. சுண்ணாம்பு பற்காறையை மிகுவித்து ஈறுகளைப் புண்படுத்துகிறது. பாக்கோ, வாயின் உட்புறத்தை இறுகச் செய்து, நாளடைவில் வாய் திறக்கவும் இயலாதபடி செய்யக்கூடும். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய்க் காரணியே என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியுள்ளது. "புகையிலை போடுவதில்லை" என்று கூறுவோரிடம் இதனைத் தவறாது எடுத்துரைக்க வேண்டும்.

பள்ளியில் ஒரு சோதனை செய்து காட்டலாம். முட்டை ஓட்டுத் துண்டொன்றை வினிகரிலும் மற்றொன்றை நீரிலும் இட்டு மறுநாள் எடுத்துப் பார்த்தால், முன்னது நொய்ந்து கரைந்திருக்கும், பின்னது மாறாதிருக்கும். ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது, எனாமல் கால்சியம் பாஸ்பேட்டால் ஆனது. ஆதலின் பல் இவ்வளவு விரைவில் கரைவதில்லை என்பதை மாணவர்களுக்கு உடனே சொல்லிவிட வேண்டும். இல்லையேல், மறுநாளே பற்கள் உதிர்ந்துவிடுமென்று இளஞ்சிறார் அஞ்சுவர்.