பெட்டியை வாசலில் வைத்தால் யார் சீட்டுப் போடுவார்கள்?

தென்காசிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ வகுப்பாசிரியை நான். மாணவர்களின் மனநலம் என்று பேச்செடுத்தாலே "உங்க ஸ்கூல்ல கவுன்சலர் இருக்காங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். இருக்கிற உதவியையாவது ஒரு பிள்ளை நாலு பேர் கண்ணில் படாமல் போய்ப் பெற முடிகிறதா என்பது எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி.

அரசுப் பள்ளிகளில், பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டி உண்டு. எங்கள் பள்ளியில் அது தலைமையாசிரியர் அறை வாசலில் இருந்தது. அங்கே நின்று யார் சீட்டுப் போடுவார்கள்? நூலகத்துக்குள், அலமாரிக்குப் பின்னால் மாற்றிய பிறகுதான் சீட்டுகள் விழுந்தன. பாதி கழிப்பறைக் கதவைப் பற்றியவை. அதையும் உடனே சரிசெய்து கொடுங்கள். தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்த பிறகுதான் வீட்டுக் கதை எழுதிய சீட்டு வரும்.

அடுத்தது போன். 14416 என்ற எண்ணில் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை 2022 முதல் இருக்கிறது. சுவரில் பெரிதாக எழுதியும் வைத்திருக்கிறோம். ஆனால் பிள்ளையிடம் போன் ஏது? வீட்டில் இருப்பது அம்மாவின் போன். அப்பா வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் சாயங்காலம் ஆனால் அது அவர் அழைப்புக்குக் காத்துக்கிடக்கும். ஒற்றை அறையில், பாட்டியும் தம்பியும் கேட்டுக்கொண்டிருக்க, ஒரு பெண் என்ன பேசிவிட முடியும்? அதனால் மதிய இடைவேளையில் ஆய்வகத்தைத் திறந்துவிட்டு, என் போனில் எண்ணைப் போட்டுக் கொடுத்துவிடுவேன். கொடுத்ததும் வெளியே வந்துவிட வேண்டும். ஆசிரியர்களுக்கு இதுதான் கஷ்டம். கதவோரம் நிற்கத் தோன்றும். நிற்காதீர்கள்.

மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றால் கதை நீளும். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிதான். இப்போது தென்காசியிலேயே மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. தூரம் குறைந்தது, பயம் குறையவில்லை. "ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்குப் பொண்ணு கேட்டு யாரு டீச்சர் வருவாவ?" என்றார் பீடி சுற்றும் ஒரு தாய். அவருக்கு அரை நாள் ஆஸ்பத்திரியில் போனால் அன்றைய கூலியும் போச்சு. மனநல மருத்துவர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு இருப்பார் என்று முன்கூட்டியே விசாரித்துச் சொன்னால் வீண் அலைச்சல் மிச்சம். முதல் தடவை கூடவே போங்கள். விடுப்புக் கடிதத்தில் 'ஆஸ்பத்திரி' என்று இருந்தால் போதும், எந்தப் பிரிவு என்று கேட்டு எழுதச் சொல்லாதீர்கள்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல், குற்றால சீசன். ஜூனில் சாரல் தொடங்கியதும் சில பையன்கள் அருவிக்கரைக் கடைகளுக்கும் வண்டி நிறுத்துமிடங்களுக்கும் கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். அதனால் எவன் வராவிட்டாலும் "சீசன் வேலைக்குப் போயிருப்பான்" என்று வருகைப் பதிவேட்டை மூடிவிடுகிறோம். அப்படி விட்ட பையன்களில் ஒருவன் நாள் முழுக்க வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மூன்றாம் நாள் வராவிட்டால் ஒரு போன் செய்வது என்று இப்போது வைத்திருக்கிறேன்.

பிள்ளைகள் மிகவும் உடைந்துபோவது மே மாதத்தில், தேர்வு முடிவு வரும்போது. அப்போது பள்ளி பூட்டியிருக்கும். தோற்ற பிள்ளையை முடிவு வந்த அன்றே கூப்பிட்டு, துணைத்தேர்வு உண்டு, இந்த வருஷமே கல்லூரிக்குப் போகலாம் என்று சொல்லிவிட வேண்டும். மறுநாள் என்று தள்ளாதீர்கள். 'சாகணும்போல இருக்கா?' என்று நேராகக் கேட்கவும் தயங்க வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஒரு எச்சரிக்கை. 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்தென்றால் சொல்லியே ஆக வேண்டும். பாலியல் தொல்லை என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் செய்வது நம் கடமை. குழந்தைகள் உதவி எண் 1098க்கும் சொல்லலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் காம்பவுண்டுச் சுவரோடு சேர்த்து, கதவு சாத்திப் பேச ஓர் அறையும் கேளுங்கள்.