முடுக்கத்திலிருந்து தொடங்குங்கள்

பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் ஐந்தாம் படிவ மாணவர்களுக்குக் கூடுதல் கணிதம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பாடநூலின் கடைசி அத்தியாயம் நேர்கோட்டு இயக்கம். வகையிடலையும் தொகையிடலையும் முன் அத்தியாயங்களில் நன்றாகவே படித்த பிள்ளைகள்கூட, செங்குத்தாக எறிந்த பந்து என்றதும் இயற்பியல் வகுப்பில் மனப்பாடம் செய்த சூத்திரங்களைத் தேடுகிறார்கள். எது பொருந்தும் என்று யோசிப்பதிலேயே எஸ்.பி.எம். தேர்வு நேரம் கரைந்துவிடும்.

நான் முடுக்கத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். காற்றுத்தடையை விட்டுவிட்டால், கையை விட்டுப் போன பந்தை இழுப்பது புவியீர்ப்பு மட்டும்தான். முதலில் ஓர் அம்புக்குறி போட்டு, மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாக வையுங்கள். முடுக்கம் −10. ஒருமுறை தொகையிட்டால் திசைவேகம், மறுமுறை தொகையிட்டால் உயரம். இடையில் வரும் இரண்டு மாறிலிகளும் கேள்வியிலேயே இருக்கின்றன: எறிந்த வேகம், எறிந்த இடத்தின் உயரம்.

25 மீட்டர் உயர மொட்டைமாடியிலிருந்து வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பந்தை மேலே எறிவதாகக் கொள்வோம். நேரம் 'நே' என்றால்:

திசைவேகம் = 20 − 10நே
உயரம் = 25 + 20நே − 5நே²

திசைவேகம் பூஜ்யமாவது 2ஆவது வினாடியில். அப்போது உயரம் 45 மீட்டர். தரையைத் தொடும் நேரத்துக்கு உயரத்தைப் பூஜ்யமாக்கினால் 5, −1 என இரண்டு விடைகள். −1ஐ எல்லாரும் யோசிக்காமல் அடித்துவிடுவார்கள். அடிப்பது சரிதான், ஆனால் அதற்குமுன் அது என்னவென்று பார்ப்பது எனக்குப் பிடித்த பகுதி. −1ஐத் திசைவேகத்தில் போட்டால் 30 வரும். ஒரு வினாடி முன்னதாகத் தரையிலிருந்து 30 வேகத்தில் யாராவது பந்தை எறிந்திருந்தால், அது மாடியைத் தாண்டும்போது நம் பந்தோடு சேர்ந்தே போயிருக்கும். தரையில் விழும் வேகமும் அதே 30தான், குறி மட்டும் எதிர்.

"சார், உச்சியில பந்து நின்னுடுச்சே, அப்ப முடுக்கமும் பூஜ்யம்தானே?" இந்தக் கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வரும். திசைவேகத்தை வகையிட்டுப் பார்க்கச் சொல்வேன். −10 வரும், அதில் 'நே' இல்லவே இல்லை. உச்சியில் முடுக்கமும் பூஜ்யமானால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மொத்தத் தூரம் கேட்டால் 2ஆவது வினாடியில் கணக்கை வெட்டுங்கள். ஏறியது 20, இறங்கியது 45, மொத்தம் 65 மீட்டர். வெட்டாமல் 0 முதல் 5 வரை தொகையிட்டால் −25 கிடைக்கும், அது இடப்பெயர்ச்சி.

சூத்திரம் கையில் படிந்தபின் பத்துமலைக்கு வருவோம். 2006இல் திறக்கப்பட்ட முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே ஈர்ப்பு முடுக்கம் 9.78 அளவில்தான் இருக்கும். தரையிலிருந்து எறிந்த பந்து சிலையின் உச்சியை எட்ட வினாடிக்கு 28.9 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 104 கிலோமீட்டர் வேகம் வேண்டும். பாதி உயரத்தில் வேகமும் பாதியாகியிருக்கும் என்றே பெரும்பாலான மாணவர்கள் ஊகிக்கிறார்கள். கணக்கு 20.4 என்கிறது. சிலையின் கீழ்ப்பாதியைப் பந்து ஒரு வினாடிக்குள் கடந்துவிடும். மேல்பாதிக்குத்தான் இரண்டு வினாடிக்குமேல் எடுக்கும்.