ஒலிச்சுருக்கக் கலையும் இரட்டைக் காப்புரிமமும்: ஓர் ஆய்வு

செருமனி நாட்டு எர்லாங்கன்-நூரன்பெர்க் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக விளங்கியவர் டீட்டர் சைட்சர். தொலைபேசிக் கம்பி வழியாக இசையைத் தரம் குன்றாமல் அனுப்பலாம் என்று எண்ணி, அவ்வெண்ணத்திற்குக் காப்புரிமம் கேட்டு அவர் விண்ணப்பித்தார். விண்ணப்பத்தைப் படித்த ஆய்வாளர், இது நடவாத காரியம் என்று கூறித் தள்ளிவிட்டார். பேராசிரியர் சோர்ந்துவிடவில்லை. நடவாது என்றதை நடத்திக் காட்ட ஓர் ஆய்வு மாணவரைத் தேடினார். அப்படி வந்து சேர்ந்தவரே கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். இன்று உலகெங்கும் எம்.பி.3 என்று வழங்கும் ஒலிச்சுருக்க முறைக்கு அடித்தளமிட்டவர்களுள் அவர் தலையாயவர்.

இந்நிகழ்ச்சி ஆய்வாளரை எள்ளி நகையாடுவதற்காக ஈண்டுக் கூறப்படவில்லை. தம் மேசைக்கு வரும் தாளில் எழுதியிருப்பதை மட்டும் கொண்டு, அது இயலுமா, புதியதா, எளிதில் எட்டாததா என்று அவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அவர் தவறாக மறுத்தால் ஒரு கண்டுபிடிப்பாளர் வருந்துவார். தவறாக வழங்கினாலோ, இருபதாண்டுக் காலம் நாடே வருந்தும். இவ்விரண்டாம் வகைத் தவறுகளுள் நுட்பமானது ஒன்றுண்டு. ஒரே கண்டுபிடிப்புக்கு ஒருவருக்கே இருமுறை உரிமம் வழங்கிவிடுவது அது. அதனை இரட்டைக் காப்புரிமம் என்பர். அதுவே இக்கட்டுரையின் பொருள்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எதற்கு என்று மாணவர் வினவலாம். காப்புரிமச் சட்டத்தின் உயிர்நிலை கருவியில் இல்லை. சொல்லில் இருக்கிறது என்பதே நம் விடை. ஒவ்வொரு விண்ணப்பத்திலும் இரு பகுதிகள் உண்டு. கண்டுபிடிப்பை விரித்துரைக்கும் விவரக்குறிப்பு ஒன்று. எவ்வளவு எல்லைக்கு உரிமை வேண்டும் என்று கூறும் உரிமைக்கோரல் மற்றொன்று. கோரல் ஒவ்வொன்றும் ஒரே வாக்கியமாக அமைய வேண்டும் என்பது அமெரிக்க அலுவலக மரபு. நூற்பாவும் உரையும் போன்ற உறவு இது. நூற்பாவை உரையாசிரியர் சொல் சொல்லாகப் பிரித்து ஆராய்வது போலவே ஆய்வாளரும் கோரலைப் பிரித்து ஆராய்கிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என நம் இலக்கணிகள் குற்றங்களை வகுத்தனர் அல்லவா? கோரல் குன்றினால் உரிமையாளர்க்கு இழப்பு. மிகைபட்டால் ஊர்க்கு இழப்பு. கூறியது கூறலே இரட்டைக் காப்புரிமம்.

செவி அறியாதது

ஒலிச்சுருக்கத்தின் அடிப்படையைச் சிறிது விளக்கினால் அன்றி மேற்செல்ல இயலாது. குறுவட்டில் பதிவாகும் இசை, ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 துகள்களால் எழுதப்படும். இடம், வலம் என இரு தடங்கள். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 14,11,200 துகள்கள் வரும். அக்காலத்து எண்முறைத் தொலைபேசித் தடம் ஒன்றில் நொடிக்கு 64,000 துகள்களே செல்லும். இரு தடங்களை இணைத்தாலும் 1,28,000 தான். பதினொன்றில் ஒரு பங்காகச் சுருக்கினால்தான் இசை கம்பியில் ஏறும். அந்த ஆய்வாளர் நடவாது என்றதில் வியப்பில்லை என்பது இக்கணக்கால் விளங்கும்.

வழி காட்டியது மனிதச் செவியே. ஓங்கிய ஓர் ஒலி எழும்போது, அதன் அருகிலுள்ள அதிர்வெண்ணில் எழும் மெல்லிய ஒலியைச் செவி அறிவதில்லை. நாகூர் ஈ. எம். ஹனீபா அவர்களின் கணீரென்ற குரல் உச்சியில் நிற்கையில், அக்குரலோடு ஒட்டிய நாடாவின் இரைச்சல் நமக்குக் கேட்பதில்லை; அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில்தான் அது தலைகாட்டும். இதனை ஒலிமறைப்பு என்பர். செவி எப்படியும் அறியாத பகுதிக்குத் துகள்களைச் செலவிடாமல், அறியும் பகுதிக்கு மட்டும் செலவிட்டால் என்ன? ஒலியை அதிர்வெண் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றிலும் மறைப்பு எல்லையைக் கணித்து, பிழை அவ்வெல்லைக்குக் கீழே அடங்குமாறு தோராயப்படுத்துவதே முறை.

இவ்வளவில் ஓர் இடர் தோன்றுகிறது. மேற்கூறிய வாக்கியத்தையே ஒருவர் கோரலாக எழுதினார் என்க. அதே கருத்தை வேறு சொற்களாலும் எழுதலாம். ‘பிரிக்கும் முறை’ என்று ஒரு கோரல்; ‘பிரிக்கும் கருவி’ என்று ஒரு கோரல்; ‘அவ்வாறு பிரித்த குறிகையைப் பதிந்த நாடா’ என்று பிறிதொன்று; மீண்டும் ஒலியாக்கும் பெட்டி என்று இன்னும் ஒன்று. ஒலிக்குறிகைத் துறையில் பொருள் கண்ணுக்குத் தெரியாத கணக்காகவே இருப்பதால், ஒரே கணக்கு எத்தனையோ சொல்லுடுப்புகளை அணிந்து வர இயலும். பூட்டுக்கோ ஏருக்கோ காப்புரிமம் தேடியவர்க்கு இவ்வளவு உடைமாற்றம் எளிதன்று.

இருவகை இரட்டிப்பு

அமெரிக்கச் சட்டம் இக்குற்றத்தை இருவகையாகப் பகுக்கிறது. அவர்தம் சட்டத்தின் 101ஆம் பிரிவு, கண்டுபிடித்தவர் ‘ஓர் உரிமம்’ பெறலாம் என்று ஒருமையில் பேசுகிறது. ஆகவே அதே கண்டுபிடிப்புக்கு இரண்டாம் உரிமம் சட்டத்தின் சொல்லாலேயே விலக்கப்படுகிறது. இங்கு ஆய்வாளர் வினவும் வினா ஒன்றே: ஒரு கோரலை மீறி மற்றொன்றை மீறாத பொருள் ஏதேனும் இருக்க இயலுமா? இயலாதெனின் இரண்டும் ஒன்று.

மற்றொரு வகை சட்டத்தின் எழுத்தில் இல்லாதது, நீதிமன்றங்கள் வகுத்தது. இரண்டாவது கோரல் முதலாவதன் எளிய வேறுபாடாக மட்டும் இருந்தால் அதுவும் இரட்டிப்பே என்பது அதன் சாரம். 1894ஆம் ஆண்டிலேயே, நிலத்தைக் கிளறும் உழுகருவி ஒன்றைப் பற்றிய மில்லர் வழக்கில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இரட்டைக் காப்புரிமத்தை மறுத்துப் பேசியிருக்கிறது.

இவ்விடத்தில் மாணவர் பெரும்பாலும் தடுமாறுவர். புதுமையை ஆராயும்போது, முந்தைய ஆவணத்தின் எந்தப் பக்கத்தில் கருத்து இருந்தாலும் ஆய்வாளர் அதனை எடுத்துக்காட்டலாம். இரட்டிப்பை ஆராயும்போதோ அவ்வாறன்று. முதல் உரிமத்தின் கோரலோடு இரண்டாம் விண்ணப்பத்தின் கோரலையே ஒப்பிட வேண்டும். விவரக்குறிப்பில் கூறப்பட்டிருப்பது, கோரலின் சொற்பொருளை அறிய ஓர் அகராதியாகப் பயன்படலாமே அன்றி, அதுவே தடையாகாது.

ஓர் எடுத்துக்காட்டை நாமே புனைந்து காண்போம். முதல் உரிமத்தில் ஒருவர், ‘ஒலியை 32 பட்டைகளாகப் பிரித்து மறைப்பு எல்லைக்கேற்பத் துகள் ஒதுக்கும் முறை’ என்று கோரினார். பின்னர் அவரே, ‘ஒலியைப் பல பட்டைகளாகப் பிரித்துத் துகள் ஒதுக்கும் முறை’ என்று கோருகிறார். பின்னது முன்னதைத் தன்னுள் அடக்கியிருப்பதால் ஐயமின்றி மறுக்கப்படும். வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் ‘பல பட்டைகள்’. பின்னர் ‘32 பட்டைகள்’. இப்போது மறுப்பு தானே வந்துவிடாது. அந்த 32 என்னும் எண் எவர்க்கும் எளிதில் தோன்றக் கூடியதா, அன்றி எதிர்பாராத பயன் தந்ததா என்று ஆராய வேண்டும். கூறியதையே கூறினாலும் புதுப்பொருள் தோன்றுமாயின் அது குற்றமாகாது என்று வாதிடும் உரையாசிரியரை இங்கே நினைவுகூர்க.

மறுக்கப்பட்டவர்க்கு ஒரு வாயில் திறந்திருக்கிறது. எளிய வேறுபாட்டு வகையாயின், இரண்டாம் உரிமத்தின் ஆயுளில் முதல் உரிமத்தைத் தாண்டிய பகுதியைத் துறந்துவிடுவதாக அவர் எழுதிக் கொடுக்கலாம். இதனை இறுதிக்காலத் துறப்பு என்போம். துறப்பில் மற்றொரு கட்டும் உண்டு: இரண்டு உரிமங்களும் ஒரே உடைமையாளரிடம் இருக்கும் வரையில்தான் இரண்டாவது செல்லும். ஒன்றை இவருக்கும் மற்றொன்றை அவருக்கும் விற்றுவிட்டு, ஒரே பொருளுக்கு ஒரு வணிகரை இருவர் நெருக்கும் நிலை வாராமல் காப்பதற்கே இக்கட்டு. முதல் வகைக்கு, அதாவது முற்றிலும் ஒன்றேயான கண்டுபிடிப்புக்கு, இத்துறப்பு உதவாது. ஆய்வாளரே ‘இதில் இரு கண்டுபிடிப்புகள் உள்ளன, பிரித்து வருக’ என்று பணித்திருந்தால், பிரிந்து வந்ததைக் காட்டிப் பின்னர் இரட்டிப்பு என்று மறுக்கலாகாது என்றும் 121ஆம் பிரிவு பாதுகாப்பளிக்கிறது. இது நேர்மையான விதி என்றே நாம் கருதுகிறோம்.

ஆயுட்கணக்கு

ஆயுளைத் துறப்பதில் அத்துணை பொருள் என்ன? 1995 சூன் 8ஆம் நாளுக்கு முன் அமெரிக்காவில் உரிமத்தின் ஆயுள், அது வழங்கப்பட்ட நாளிலிருந்து 17 ஆண்டுகள். விண்ணப்பத்தைத் தொடர்விண்ணப்பங்களால் நீட்டிக்கொண்டே போனால், வழங்கும் நாளும் தள்ளிப்போகும். முடியும் நாளும் தள்ளிப்போகும். அந்நாள் முதல் வந்த விண்ணப்பங்களுக்கு, தொடர்வரிசையின் முதல் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள் என்று கணக்கு மாறியது.

பிராண்டன்பர்க்கின் ஒலிச்சுருக்க விண்ணப்பம் ஒன்று 1986 ஆகஸ்டில் செருமனியில் முதன்முதல் பதிவாயிற்று. அதன் வழித்தோன்றலாக 1997 மார்ச்சில் அமெரிக்காவில் பதிவான விண்ணப்பம் 1999 சூலையில்தான் உரிமமாயிற்று. பழைய கணக்கு நின்றிருந்தால் அது 2016 வரை, அதாவது மூலக் கருத்துத் தோன்றி முப்பதாண்டுகள் வரை, வாழ்ந்திருக்கும். புதிய கணக்கில், 1987இல் தொடங்கிய வரிசையோடு கட்டுண்டு 2007இல் முடிந்தது. ஒரு நாட்காட்டி மாற்றத்தால் பொதுமக்களுக்கு ஒன்பதாண்டுகள் மீண்டன எனலாம்.

அவ்வாறாயின் புதிய கணக்கு வந்தபின் இரட்டிப்புத் தடை வேண்டாவே என்பாரும் உளர். வேண்டும் என்பதே நம் கருத்து. தொடர்விண்ணப்பமாக அன்றித் தனி விண்ணப்பமாகச் சில ஆண்டுகள் கழித்துப் பதிந்தால் ஆயுளும் தனியே ஓடும். அலுவலகம் தாமதித்தால் ஈடாகச் சில நாட்களைக் கூட்டிக் கொடுக்கும் வழக்கமும் அமெரிக்காவில் உண்டு. அதனால் உடன்பிறந்த உரிமங்கள் வெவ்வேறு நாட்களில் முடியும். இக்கூட்டுநாட்களையும் சேர்த்தே இரட்டிப்பைப் பார்க்க வேண்டும் என்று 2023இல் செலெக்ட் வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. மறு ஆண்டே அலர்கன் வழக்கில், முதலிற் பதிந்து முதலில் வழங்கப்பட்ட உரிமத்தை அதன் பின்வந்த தம்பி உரிமங்கள் வீழ்த்தா என்று அந்நீதிமன்றமே எல்லை வகுத்தது. ஐரோப்பியக் காப்புரிம அலுவலகத்தின் விரிவுபட்ட மேல்முறையீட்டு அவையும், உடன்படிக்கையில் வெளிப்படையான விதி இல்லாவிடினும் இரட்டிப்பை மறுக்கலாம் என்று 2021 சூனில் தீர்த்தது.

யாருடையது எது

இரட்டிப்புத் தடை ஒரே உடைமையாளரையோ ஒரே கண்டுபிடிப்பாளரையோ பற்றியது. உடைமையே குழம்பினால் என்னாகும் என்பதற்கு எம்.பி.3 வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. பிராண்டன்பர்க் முனைவர் பட்டம் பெற்றபின் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் ஜான்ஸ்டனோடு பணியாற்றினார். 1989இல் ஏ.டி.அண்டு டி. நிறுவனமும் செருமனியின் பிரான்ஹோஃபர் கழகமும் கூட்டாய்வு உடன்படிக்கை செய்துகொண்டன. புதிதாக விளையும் பணி இருவர்க்கும் பொது என்பது ஏற்பாடு. ஜான்ஸ்டனும் ஜோசப் ஹாலும் பெற்ற உரிமம் ஒன்று 1994இல் வெளிவந்து, 2006இல் திருத்தி மறுவழங்கல் பெற்றது.

அவ்வுரிமம் பின்னர் அல்காட்டெல்-லூசென்ட் நிறுவனத்தின் கையில் இருந்தது. அந்நிறுவனம் மைக்ரோசாஃப்ட் மீது தொடுத்த வழக்கில், 2007 பிப்ரவரியில் சான் டியேகோ நடுவர்குழு 152 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. மைக்ரோசாஃப்டோ முன்னரே பிரான்ஹோஃபரிடம் 1 கோடியே 60 இலட்சம் டாலர் செலுத்தி இசைவு பெற்றிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நீதிபதி ரூடி புரூஸ்டர் அத்தீர்ப்பை நீக்கினார். வழக்கில் இருந்த மற்றோர் உரிமம் மீறப்பட்டமைக்குப் போதிய சான்றில்லை என்றார். மறுவழங்கல் பெற்ற உரிமத்தின் கோரல்களுள் ஒன்றேனும் 1989க்குப் பிந்தைய கூட்டுப்பணியைத் தழுவியிருந்ததால், அவ்வுரிமம் பிரான்ஹோஃபருக்கும் உரியது என்பதும் தெளிந்தது. அமெரிக்கச் சட்டப்படி கூட்டுடைமையாளர் ஒவ்வொருவரும் மற்றவரைக் கேளாமலே இசைவு வழங்கலாம். 2008 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதனை உறுதிப்படுத்தியது. ஒரு கோரலின் எல்லை எந்நாளில் எவர் செய்த பணியைத் தொட்டது என்னும் சொல்லாராய்ச்சியே நூற்றைம்பது கோடி டாலரைத் தீர்மானித்தது.

நம் நாட்டுச் சட்டத்தையும் சிறிது நோக்குவோம். 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, ஓர் உரிமம் ஒரு கண்டுபிடிப்புக்கே என்கிறது. 16ஆம் பிரிவு, பிரிவு விண்ணப்பத்தை ஏற்கையில் ஒன்றில் கோரியது மற்றொன்றில் இடம்பெறாதவாறு திருத்தச் செய்கிறது. சென்னை கிண்டியிலுள்ள அலுவலகம் இவ்விதிகளின்படியே இயங்குகிறது. 3ஆம் பிரிவின் க் உட்பிரிவு, கணித முறையும் தீர்வுநெறியும் கண்டுபிடிப்பாகா என்று விலக்குவதால், ஒலிக்குறிகை விண்ணப்பங்கள் இங்கே இரட்டிப்பு வினாவை எட்டுமுன்னரே இவ்வினாவுக்கு விடை கூற வேண்டியுள்ளது. தீர்வுநெறியைக் குறிக்கும் அல்காரிதம் என்னும் சொல், ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி என்னும் கணித மேதையின் பெயர் இலத்தீனில் திரிந்து வந்தது. அவர் தம் நெறிக்கு எவரிடமும் உரிமம் கேட்டதில்லை!

எம்.பி.3 உரிமங்களின் முடிவு எளிய நிகழ்ச்சியாகவே அமைந்தது. அம்முறை சார்ந்ததாக அறியப்பட்ட அமெரிக்க உரிமங்களுள் இறுதியானது, 1997 ஏப்ரல் 16 அன்று பதிவான விண்ணப்பத்திற்குரியது. அது 2017 ஏப்ரல் 16இல் காலாவதியாயிற்று. ஒருவாரம் கழித்து, அம்மாதம் 23ஆம் நாளோடு, கட்டணம் பெற்று இசைவு வழங்கும் திட்டமும் நிறுத்தப்பட்டது.