நூல் பிடித்தாற்போல் ஒரு வெட்டு

ஒரே அளவுள்ள ஐந்து சதுரங்களை விளிம்போடு விளிம்பு சேர்த்து எத்தனை விதமாக ஒட்டலாம்? திருப்பினாலும் கவிழ்த்தாலும் அதே வடிவம்தான் என்று கொண்டால் விடை பன்னிரண்டு. இந்தப் பன்னிரண்டுக்கும் பெயர் பென்டோமினோ. அமெரிக்கக் கணிதர் சாலமன் கோலம் 1953-இல் ஹார்வர்டு கணித மன்றத்தில் பேசியபோது இந்தக் குடும்பத்துக்குப் பெயர் சூட்டினார். கொழும்பில் குடியேறி வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் தன் 1975 நாவலான ‘இம்பீரியல் எர்த்’தில் இந்தத் துண்டுகளைப் பெட்டியில் அடுக்கும் புதிரைக் கொண்டுவந்து வைத்தார். பன்னிரண்டு துண்டுகளிலும் சேர்த்து 60 கட்டங்கள். அவற்றை 6-க்கு 10 பெட்டியில் இடைவெளியின்றி அடுக்க 2339 வழிகள் உண்டு.

நான் மரத்தில் அறுத்த முதல் செட், அந்த 2339-இல் ஒரே ஒரு வழிக்குத்தான் பொருந்தியது.

எந்த வழிக்கு என்று கேட்டால், பலகையில் எந்த அடுக்கைப் பென்சிலால் வரைந்து அறுத்தேனோ அதற்கு. அந்த அடுக்கில் துண்டுகள் வெண்ணெயாக வழுக்கி உட்கார்ந்தன. வேறு எப்படி மாற்றி வைத்தாலும் கடைசித் துண்டு விளிம்பில் ஏறி நின்றது. காரணம் புரிய ஒரு மாலை முழுக்கப் பிடித்தது. ரம்பம் கோட்டை விட்டு இடப்பக்கம் கொஞ்சம் ஒதுங்கினால் வலத்துண்டு பெருக்கிறது, இடத்துண்டு அதே அளவுக்குச் சிறுக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கும்வரை அந்தப் பிழை வெளியே தெரியாது, ஒன்றின் மிகுதி மற்றதன் குறையில் போய் அடங்கிவிடும். இடம் மாற்றிய நிமிடமே இரண்டு பெருத்த துண்டுகள் எதிரெதிரே வந்து நிற்கும்.

கோட்டின் நடுவிலேயே பிளேடு போயிருந்தால் கதை வேறு. பிளேடு தின்னும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இரு துண்டுக்கும் பாதிப்பாதியாகப் பிரியும். ஒவ்வொரு துண்டும் எல்லாப் பக்கத்திலும் கால் மில்லிமீட்டர் இளைத்திருக்கும், ஆகவே எந்த அடுக்கிலும் இடம் கிடைக்கும். சிறிய மரத்துண்டில் நேர்வெட்டு எவ்வளவு நேராக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கறாரான பரீட்சை எனக்குத் தெரியவில்லை.

நான் அறுக்கும் ஸ்க்ரோல் சா என்பது வளைவுகளுக்கென்றே பிறந்த இயந்திரம். ஐந்து அங்குல நீளப் பிளேடு மேலும் கீழும் ஓடுகிறது, மரத்தை நாம் இரு கைகளாலும் திருப்பித் திருப்பி ஊட்டுகிறோம். பூவேலைக்கும் எழுத்து வெட்டவும் அது சொன்னபடி கேட்கும். அதே பிளேடிடம் பத்து சென்டிமீட்டர் நேராகப் போ என்றால் வலப்பக்கம் இழுக்கும். புதிதாக வாங்கியவர்கள் பலரும் கையைத்தான் குறை சொல்வார்கள். கையில் குறை இல்லை. சாதாரணப் பிளேடுகளைத் தகட்டில் பல் வெட்டித் தயாரிக்கும்போது ஒரு பக்கத்தில் நுண்ணிய பிசிறு தங்கிவிடுகிறது. விரலை மெதுவாக வைத்து இரு பக்கமும் தடவினால் ஒரு பக்கம் சொரசொரப்பாக இருப்பது தெரியும், பெரும்பாலும் அது வலப்பக்கம். அந்தப் பக்கம் கூடுதலாகக் கடிப்பதால் வெட்டு அங்கே சாய்கிறது. கல்லில் தீட்டிப் பல் எடுத்த பிளேடுகளில் இந்த இழுப்பு குறைவு, விலை கூடுதல்.

ஆகவே மேசை ரம்பத்தில் செய்வதுபோல மேசைமேல் ஒரு பட்டியை நேராகக் கட்டி, மரத்தை அதில் உரசித் தள்ளுவது இங்கே உதவாது. பிளேடு ஒரு பக்கம் இழுக்க, பட்டி மறுபக்கம் தடுக்க, நடுவில் மெல்லிய பிளேடு வளைந்து வெட்டு வில்லாகிறது. பிளேடு விரும்பும் கோணத்தைத் தெரிந்துகொண்டு, அந்தக் கோணத்திலேயே ஊட்டுவதுதான் வழி. கழிவுப் பலகை ஒன்றில், அதன் விளிம்புக்கு இணையாகப் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, எந்தப் பட்டியின் துணையும் இல்லாமல் கைப்பழக்கத்தில் அதன்மேல் அறுத்துக்கொண்டே போக வேண்டும். பாதி தூரத்தில் கை தானாகவே ஒரு சாய்வைக் கண்டுபிடித்துவிடும். அப்படியே இயந்திரத்தை நிறுத்தி, மரத்தை அசைக்காமல், அதன் விளிம்பை ஒட்டி மேசைமேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டால் போதும். சில டிகிரிதான் இருக்கும். அடுத்த வெட்டுகளுக்கு அந்தக் கோடு வழிகாட்டும். பிளேடை மாற்றினால் கோட்டையும் அழித்துப் புதிதாகப் பார்க்க வேண்டும். என் மேசையில் இப்போது பழைய கோடுகளின் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.

சாய்வைக் கண்டுபிடித்த பிறகும் இரண்டாவது செட் தோற்றது. இம்முறை மேலிருந்து பார்த்தால் எல்லாக் கோடும் சுத்தம், ஆனால் கவிழ்த்து வைத்த துண்டுகள் மட்டும் முட்டின. மேசை பிளேடுக்குச் செங்குத்தாக இல்லை. ஒரு டிகிரி சாய்ந்தாலும் 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள மரத்தில் மேல்முகத்துக்கும் அடிமுகத்துக்கும் 0.2 மில்லிமீட்டர் வித்தியாசம் விழும். எல்லாத் துண்டும் ஒரே பக்கம் பார்த்திருக்கும்போது சாய்வும் சாய்வும் பொருந்திக்கொள்கின்றன. ஒன்றைக் கவிழ்த்தால் அந்த இணக்கம் போய், சாய்வோடு சாய்வு மோதி 0.4 மில்லிமீட்டராகிறது. பிளேடு தின்று கொடுத்த இடம் அத்தனையும் அதிலேயே தீர்ந்துவிடும்.

இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் டிகிரி அளவுகோலை இதற்கு நம்பக் கூடாது. சிறிய மூலைமட்டத்தைப் பிளேடின் பக்கவாட்டில் நிறுத்திப் பார்ப்பது நல்லது. அதைவிட நம்பகமான சோதனை ஒன்று இருக்கிறது. இரண்டு அங்குலத் தடிமனுள்ள மரக்கட்டையைப் பிளேடின் முன்னால் வைத்து, இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் ஒரு கீறல் வெட்டி, இயந்திரத்தை நிறுத்த வேண்டும். பிறகு கட்டையை மேசைமேலேயே சுழற்றிப் பிளேடின் முதுகுப்பக்கம் கொண்டுபோய், அந்தக் கீறலைப் பிளேடோடு பொருத்திப் பார்க்க வேண்டும். கீறலுக்குள் பிளேடின் முதுகு தடையின்றி நுழைந்தால் மேசை சரி. மேலே நுழைந்து கீழே நுழையாவிட்டால் சாய்வு இருக்கிறது. பிழையை இரண்டு மடங்காக்கிக் காட்டுவதால் கண்ணுக்குத் தப்பாது.

பிளேடின் இறுக்கத்தைக் காது சொல்லும். வீணைத் தந்தியை மீட்டுவதுபோல் விரலால் சுண்டினால் தெளிவான, உச்ச ஒலி வர வேண்டும். மந்தமாக ‘டொப்’ என்றால் இன்னும் முறுக்கலாம். தளர்ந்த பிளேடு கடினமான ரேகையைக் கண்டதும் ஒதுங்கி, மென்மையான இடத்தில் வழி தேடும். பைன் மரத்தில் இது நன்றாகத் தெரியும்: ஆண்டு வளையம் ஒவ்வொன்றிலும் வெட்டு சிறிது நெளியும். எண்ணிலும் கவனம் வேண்டும். 2-ஆம் எண் பிளேடு நுண்வேலைக்கு நல்லது, நேர்வெட்டில் அலைபாயும். 5-ஆம் எண் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலம், பென்டோமினோவுக்கு அதுவே நடுநிலை. 9-ஆம் எண் இன்னும் நேராகப் போகும், ஆனால் உள்மூலைகளில் திரும்ப அதிக இடம் கேட்கும். முறுக்குப் பிளேடுகளை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். தேக்கு மரத்தில் மணல் போன்ற சிலிக்கா இருப்பதால் பல் சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய பிளேடை இன்னும் கொஞ்சம் ஓட்டலாம் என்று தள்ளுவதில்தான் வெட்டுகள் பாழாகின்றன. தள்ளும் விசை கூடும்போது பிளேடு பின்னால் வளைந்து, கூடவே பக்கவாட்டிலும் விலகி, வெட்டின் முகம் தொப்பை போட்டதுபோல் ஆகிவிடும்.

வெட்டும் நேரத்தில் கண் பிளேடில் இருக்கக் கூடாது. பிளேடுக்கு நாலைந்து மில்லிமீட்டர் முன்னால், இன்னும் அறுபடாத கோட்டில் இருக்க வேண்டும். சைக்கிள் ஓட்டுபவர் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டா ஓட்டுகிறார்? வெட்டைத் தொடங்கினால் பாதியில் கையை மாற்றாமல் முடிப்பது நல்லது. நின்று தொடங்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிறு மேடு விழும். உப்புத்தாள் அதைத் தேய்த்துவிடும் என்பது உண்மை, ஆனால் தேய்க்கும்போது அளவும் கூடவே போகிறது.

பென்டோமினோவின் உயிர் உள்மூலைகளில் இருக்கிறது. ‘எக்ஸ்’ வடிவத் துண்டில் மட்டும் நான்கு. கோடு மூலையைத் தொட்டதும் தள்ளுவதை நிறுத்தி, மரத்தை நம் பக்கம் மயிரிழை இழுத்து, பல் இல்லாத முதுகு மரத்தைத் தொடும்படி வைத்துக்கொண்டு சட்டென்று தொண்ணூறு டிகிரி திருப்ப வேண்டும். முதுகு எதையும் அறுக்காது, அதனால் மூலை சிதையாது. பற்கள் மரத்தில் அழுந்தியிருக்கும்போது திருப்பினால் அங்கே ஒரு குழி விழும். கழிவுப் பலகையில் இருபது முப்பது மூலைகள் அறுத்துப் பார்த்த பிறகே நல்ல மரத்தைத் தொட்டேன்.

துண்டு சிறுக்கச் சிறுக்க வேறொரு சிக்கல் வரும். இயந்திர மேசையின் நடுவிலுள்ள துளை பெரியது. இரண்டு சென்டிமீட்டர் அகலத் துண்டு அதன் வாயில் சரிந்து, பிளேடு மேலே வரும்போது துள்ளும். ஒரு மெல்லிய பிளைவுட் தகட்டை வைத்து, பிளேடு நுழையும் அளவு மட்டும் துளை போட்டு, ஓரங்களை டேப்பால் ஒட்டினால் மேசை முழுவதும் ஒரே தளமாகிறது. அடிப்பக்கச் சிம்பு பெயர்வதும் குறையும். விரல் பிளேடுக்கு நெருங்கிப் போகும் அளவுக்குச் சிறிய துண்டாக இருந்தால், இரட்டைப் பக்க டேப்பால் அதை ஒரு பெரிய கழிவுப் பலகையில் ஒட்டி, இரண்டையும் சேர்த்தே அறுத்துவிடுவது பாதுகாப்பு. பலகையைப் பிடித்தால் போதும், துண்டைப் பிடிக்க வேண்டியதில்லை. கண்ணாடியும் முகமூடியும் பற்றித் தனியே சொல்ல வேண்டுமா? மரத்தூள் இவ்வளவு நுண்மையாகப் பறக்கும் வேலையில் கட்டாயம் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாவது செட் பலா மரத்தில். மஞ்சள் நிறம், நடுத்தரக் கடினம். பலகையின் மேல் அகலமான பேக்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் அச்சிட்ட கட்டத்தாளை ஒட்டினேன். டேப் வெட்டில் கருகல் விழாமல் காக்கும். 12-க்கு 20 சென்டிமீட்டர் பலகை ஒரே நாளில் பன்னிரண்டு துண்டுகளாகப் பிரிந்தது. பெட்டியை மட்டும் அவசரப்பட்டுச் செய்யவில்லை. துண்டுகளைப் பல அடுக்குகளில் வைத்து, மிக அகலமாக வந்த அளவைக் குறித்துக்கொண்டு, அதற்கு மேல் அரை மில்லிமீட்டர் விட்டுப் பெட்டி கட்டினேன். இதுவரை நாற்பதுக்கு மேற்பட்ட அடுக்குகளைப் போட்டுப் பார்த்தாகிவிட்டது, ஒன்றிலும் எந்தத் துண்டும் ஏறவில்லை.

மீதமிருப்பது 3-க்கு 20 தட்டு. அந்த நீளவாக்குப் பெட்டியில் பன்னிரண்டும் அடங்க இரண்டே வழிகள்தான் உண்டு. அதற்கான 40 சென்டிமீட்டர் ஓரப்பட்டிகளை ஸ்க்ரோல் சாவில் அறுக்கப் போவதில்லை. அவ்வளவு நீளமான நேர்விளிம்புக்குக் கைரம்பமும் இழைப்புளியும் இருக்கின்றன.