பிசையாமல் வீட்டிற் பாண் சுடுதல்

வீட்டிற் பாண் சுட முயன்று கைவிட்டோர் பெரும்பாலும் இரண்டு காரணங்களைக் கூறுவர். மாவை நெடுநேரம் பிசைய வலிமை இல்லை என்பது ஒன்று. போறணை இல்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் இன்றியே நல்ல பாண் சுடலாம். 2022ஆம் ஆண்டில் எரிவாயுத் தட்டுப்பாட்டினாற் பல பேக்கரிகள் மூடப்பட்டபோது, காலை உணவுக்குப் பாணையே நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட அல்லலை நினைப்போர் இம்முறையை அறிந்து வைத்திருத்தல் நன்று.

கோதுமை மாவிலுள்ள புரதங்கள் நீருடன் கூடும்போது இழுபடுந் தன்மையுள்ள பசையம் உண்டாகின்றது. ஈஸ்ற் என்னும் மதுவம் வெளிவிடும் வாயுவை இப்பசையம் வலைபோலப் பிடித்து வைப்பதனாலேயே பாண் உப்புகின்றது. பிசைவது இவ்வலையை விரைவில் உண்டாக்குவதற்கேயாம். மா நன்கு ஈரமாகவிருந்து பல மணி நேரம் அசையாது வைக்கப்படின், வலை தானாகவே அமையும். கள் விட்டுக் கரைத்த அப்ப மா இரவிற் பொங்குவதைக் கண்டோருக்கு இது புதுமையாகத் தோன்றாது.

கோதுமை மா 400 கிராம், உப்பு ஒன்றேகால் தேக்கரண்டி, உலர்ந்த ஈஸ்ற் கால் தேக்கரண்டி ஆகியவற்றைக் கலந்து, 300 மில்லிலீற்றர் நீர் விட்டு அகப்பையாற் கிளறவேண்டும். உலர்ந்த மா எங்கும் தெரியாதிருந்தாற் போதும். கலவை கையில் ஒட்டுகின்றதே என்று மேலும் மா சேர்ப்பது கூடாது. பெரும்பாலோர் தவறுவது இவ்விடத்திலேதான்.

பாத்திரத்தை மூடி வைக்கவேண்டிய நேரம் இடத்தைப் பொறுத்தது. 2006இல் நியூயோர்க்கில் இம்முறை பத்திரிகை வாயிலாகப் பரவியபோது 12 முதல் 18 மணி நேரம் எனக் குறிக்கப்பட்டது. அது ஏறத்தாழ 21 பாகை செல்சியசு வெப்பமுள்ள அறைக்கு உரியது. நுவரெலியாவில் அந்நேரம் பொருந்தும். சிலவேளை அதனினும் கூடுதலாகவும் வேண்டும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் மா பதமாகிவிடும். மணிக்கூட்டை மட்டும் நம்புதல் தகாது. மா இருமடங்காகப் பொங்கி, மேலே குமிழிகள் நிறைந்து, இலேசான புளிமணம் வீசுவதே பதம். பொங்கியது அமிழ்ந்து, நீர் பிரிந்து, கள்ளின் நெடி வீசுமாயின் பதங் கடந்துவிட்டது. அதனையும் எறிய வேண்டியதில்லை. தோசைக்கல்லில் தட்டையாக ஊற்றி ரொட்டியாகச் சுட்டுக்கொள்ளலாம்.

பதமான மாவை, மா தூவிய பலகையிற் கொட்டி, நாற்புறமும் மடித்து உருண்டையாக்கி, ஒரு மணி நேரம் மூடி வைக்கவேண்டும். இதற்கிடையில் தடித்த இரும்புச் சட்டியை மூடியுடன் நன்கு காய்ச்சவேண்டும். மெல்லிய அலுமினியப் பாத்திரம் அடியைக் கருக்கிவிடும். மாவைச் சட்டியில் இட்டு மூடியதும், அதிலிருந்து எழும் ஆவி வெளியேறாது நின்று, மேற்புறம் உடனே காய்ந்து போகாமற் காக்கும். மின்போறணை உள்ள வீட்டில் 230 பாகை செல்சியசில், மூடி 30 நிமிடமும் திறந்து 15 முதல் 20 நிமிடமும் சுடலாம். அஃதில்லாத வீட்டிற் சிரட்டைக்கரித் தணல் போதும். முன்னாளில் அப்பஞ் சுட்டவாறே அடியிற் குறைவாகவும் மூடியின்மேல் மிகுதியாகவும் தணல் வைக்கவேண்டும். கரிப்புகை நஞ்சாதலின் இதனை வெளியிடத்திலேயே செய்தல் வேண்டும். அடியைத் தட்டும்போது வெற்றொலி எழுந்தாற் பாண் வெந்துவிட்டது. ஆறுமுன் வெட்டினால் உட்புறம் களிபோல் ஒட்டுமாதலின், சிறுவர் எவ்வளவு கேட்பினும் ஒரு மணி நேரம் பொறுத்தல் நன்று.

கோதுமை இந்நாட்டில் விளைவதன்று. அதன் விலை நம் கையிலும் இல்லை. ஆகவே 400 கிராமில் 50 கிராமுக்குப் பதிலாக அரிசி மாவையோ குரக்கன் மாவையோ சேர்க்கலாம். இவற்றிற் பசையம் இல்லாமையாற் பாண் சற்றுத் தாழ்ந்தே எழும். ஐந்திலொரு பங்கிற்கு மேற் சேர்த்தால் இறுகிவிடும். அரிசி மா கலந்த பாண் விரைவில் உலருமாதலின் சுட்ட அன்றே உண்ணவேண்டும்.