பயிற்சியாளரின் கோபம்

கேள்வி: என் மகன் மல்யுத்தம் பயில்கிறான். போட்டியில் அவனுடைய பயிற்சியாளர் நடுவரை வாய்க்கு வந்தபடி ஏசுகிறார். நான் தலையிடலாமா?
– ஒரு தந்தை, ஊத்தங்கரை

பதில்: அவசியம் தலையிடுங்கள். 2021 ஆகஸ்டில், டோக்கியோ ஒலிம்பிக்கின் 86 கிலோ பிரிவில் நம் தீபக் புனியா கடைசி விநாடிகளில் சான் மரினோ வீரர் மைல்ஸ் அமீனிடம் வெண்கலத்தை இழந்தபின், அவருடைய அயல்நாட்டுப் பயிற்சியாளர் முராத் கைதரோவ் நடுவரின் அறைக்கே சென்று அவரைத் தாக்கியதால், ஒலிம்பிக்கிலிருந்து வெளியேற்றப்பட்டதோடு இந்திய மல்யுத்த சம்மேளனத்தில் வகித்த பதவியையும் இழந்தார். தேர்ந்த வீரருக்கே உதவாத அந்தக் குரோதம், ஆசானின் முகம் பார்த்தே நியாய அநியாயம் பழகும் பாலகனுக்கு என்ன நன்மை செய்யும்?

தீர்ப்பில் சந்தேகம் எழுந்தால், பயிற்சியாளர் கையிலுள்ள மெத்தென்ற கட்டையை விரிப்பின்மீது எறிந்து வீடியோ பரிசீலனை கோரச் சர்வதேச விதிகளே இடமளிக்கின்றன. கோரிக்கை தோற்றால் எதிராளிக்கு ஒரு புள்ளி. வரம்பு மீறினாலோ முதலில் மஞ்சள் அட்டை, பிறகு சிவப்பு அட்டை. வீடியோ வசதியற்ற சிறு போட்டிகளில் ஆட்டம் முடிந்தபின் பொறுப்பாளரிடம் நிதானமாக முறையிடலாம்.

பிள்ளைகள் முன்னிலையில் வேண்டாம்; மறுநாள் பயிற்சியாளரிடம் தனிமையில், மரியாதையோடு, ஆனால் தெளிவாகப் பேசுங்கள். திருந்தாவிடில், அவர் எத்தனை சமர்த்தராயினும், வேறு பயிற்சியாளரைத் தேடுங்கள்.