வைஃபை கார்டைச் சோதித்த ஒன்பதாம் வகுப்பு

உதவித்தொகை விண்ணப்பங்களை ஏற்ற இரண்டே நாள் இருந்தபோது, எங்கள் பள்ளி மடிக்கணினியில் வைஃபை குறியீடே காணாமல் போனது. பதினோரு குழந்தைகளின் விவரம் பாக்கி. காட்டிய இடத்தில், "மதர்போர்டு போயிருக்கும்" என்றார்கள்.

கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் இணையத்தை மடிக்கணினிக்குக் கொடுத்தேன். வேலை செய்தது. விண்ணப்பங்களை அன்றே முடித்துவிட்டேன். விண்டோஸில் குறை இல்லை என்பதும் ஓரளவு தெரிந்தது. பழுது பார்ப்பதைவிடக் குழந்தைகளின் வேலைதான் அவசரம்.

பிறகு ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறந்தேன். அதில் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' பட்டியலில் வைஃபை கார்டின் பெயருடன் மஞ்சள் முக்கோணம் இருந்தால் பெரும்பாலும் டிரைவர் சிக்கல். கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள். எங்களுக்குப் பெயரே இல்லை. கார்டு, அது செருகும் இடம், இரண்டுக்கும் இடையிலான தொடர்பு, இவற்றில் ஒன்றில் குறை இருக்கலாம்.

உத்தரவாதக் காலம் முடிந்திருந்தது. தலைமையாசிரியரின் அனுமதியுடன், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் முன்னிலையில் திறந்தேன். (உத்தரவாதம் இருந்தால் திறக்கவே கூடாது.) சார்ஜரையும் பேட்டரி இணைப்பையும் கழற்றி, நிலைமின்சாரம் போக ஓர் உலோகப் பொருளைத் தொட்டுக்கொண்டேன். கார்டு விரலளவுதான்; ஒரே திருகு.

"ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும், சார்" என்றாள் ஒரு மாணவி. அறிவியல் பாடத்தில் நான் சொன்னதுதான். அதே மாதிரியான இன்னொரு மடிக்கணினியின் கார்டை இதில் செருகினோம். வைஃபை வந்தது, மதர்போர்டு பிழைத்தது! எங்கள் கார்டை அதில் செருகினோம். அங்கும் வந்தது. அப்படியானால் தொடர்புதான் தளர்ந்திருக்கிறது. தங்கநிற முனைகளை உலர்ந்த மென்துணியால் துடைத்தேன். ரப்பரால் தேய்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. துகள் இடுக்கில் தங்கும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. கார்டைச் சாய்வாகச் செருகி, அழுத்தித் திருகினேன். பெயர் பட்டியலில் வந்துவிட்டது.

ஆனால், ரூட்டர் இருக்கும் அலுவலகத்தைத் தாண்டினால் சிக்னல் இல்லை. மறுபடி திறந்தோம். கார்டில் மாட்டும் இரண்டு ஆண்டெனா கம்பிகளில் கருப்பு நிறக் கம்பியை மேலே வைத்திருந்தேனே தவிர, அழுத்தவில்லை. நேராக வைத்து அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். அன்று அதை அழுத்தியது அந்த மாணவிதான்.